தாமான் பின்னால் இருந்த பச்சை நிலம்: ஆட்சேபம் பதிவானது இப்படித்தான்

மலேசியாவில் ஒரு தோட்டப்புறத் தாமானை (வீடமைப்புப் பகுதியை) ஒட்டிய திறந்தவெளி, புதிய உள்ளூர்த் திட்ட வரைவில் (ராஞ்சாங்கான் தெம்பாத்தான்) தொழிற்சாலை நிலத்தைக் குறிக்கும் நிறத்துக்கு மாறியிருந்தது. முதலில் கையெழுத்து மனு, பயனில்லை. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகக் கடிதமும் நில அலுவலக வரிசையும் நாட்களைத் தின்றதுதான் மிச்சம்.

வேலை செய்தது ஒன்றே: 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172), பிரிவு 13. வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் உண்டு. அறிவிப்பு மலாய் நாளிதழில் வரும், அதனால் நம்மவர் கண்ணில் படாமலே கெடு போய்விடும்.

ஆட்சேபக் கடிதத்தில் பலர் தவறவிடுவது லாட் எண் (நிலத் துண்டின் பதிவு எண்). வீட்டு எண்ணோ மதிப்பீட்டு வரிக் கணக்கு எண்ணோ போதாது. நில வரி ரசீதில் உள்ள லாட் எண்ணையும் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் எழுதி, வரைபடத்தில் அந்த நிலம் விழும் திட்டமிடல் தொகுதி எண்ணையும் சேர்க்க வேண்டும். “எதிர்க்கிறோம்” என்று மட்டும் எழுதினால் கனமில்லை. “வடிகால் தாங்காது, பள்ளி வழியில் லாரி ஓடும், ஆகவே திறந்தவெளியாகவே வைக்கவும்” என்று காரணமும் கோரிக்கையும் வேண்டும். நேரில் விளக்கம் தர விரும்புவதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

தனிக் கட்டுமான விண்ணப்பத்துக்கு வழி வேறு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், பிரிவு 21இன்படி அண்டை நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். 20 மீட்டருக்கு மேற்படாத சாலைக்கு அப்பால் இருப்பவரும் அண்டை உரிமையாளர்தான்.

ஆட்சேபக் கடிதத்தைக் கொடுத்ததும், உங்கள் நகலில் தேதியோடு சாப் (முத்திரை) குத்தி வாங்கியே வெளியே வாருங்கள்.