ஏ.எஃப்.ஓ. வாங்கும்போதும் மாட்டும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கவாதத்துக்குப் பிறகு எழுந்து நடக்கத் தொடங்கும்போது பலருக்குப் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க வராது. விரல் நுனி தரையில் உரசும், வாசற்படியில் இடறும். முதுகில் தட்டு விலகி நரம்பு அழுந்தியவர்களுக்கும், தொழுநோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கும், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் அடிபட்டவர்களுக்கும் இதே நிலை வருவதுண்டு. ‘ஃபுட் டிராப்’ என்று சொல்லி, டாக்டர் சீட்டில் ஏ.எஃப்.ஓ. (ஆங்கிள் ஃபுட் ஆர்த்தோசிஸ்) என்று எழுதித் தருவார். கெண்டைக்காலின் பின்புறத்தில் தொடங்கி உள்ளங்காலுக்கு அடியில் முடியும் பிளாஸ்டிக் பட்டை அது. வீட்டில் யாராவது ஒருவர் சீட்டை எடுத்துக்கொண்டு சர்ஜிக்கல் கடைக்குப் போவார். “செருப்பு சைஸ் என்ன?” என்று கடையில் கேட்பார்கள். நோயாளி வீட்டில் இருக்க, எட்டாம் நம்பர் பட்டை ஒன்று பையில் ஏறிவிடும்.

பெரும்பாலான தொல்லைகளுக்கு வேர் இங்கேதான். ஏ.எஃப்.ஓ. என்பது ஒரே பொருள் அல்ல. கணுக்காலுக்குப் பின்னால் ஒடுக்கமாக, வளைந்து கொடுக்கும்படி இருப்பது ஒரு வகை. பாதம் தொங்குவது மட்டுமே பிரச்சினை, தசையில் இறுக்கம் இல்லை என்றால் இது போதும், நடையும் லேசாக இருக்கும். ஆனால் பக்கவாதத்தில் கெண்டைக்கால் தசை விறைத்துப் பாதத்தைக் கீழ்நோக்கியும் உள்நோக்கியும் இழுக்கிறவர்களுக்கு அந்த மெல்லிய பட்டையால் பயனில்லை. இழுப்பின் வலுவுக்கு அது மடங்கிக் கொடுத்துவிடும். அவர்களுக்குக் கணுக்காலின் இரு பக்கமும் முன்வரை வந்து பிடிக்கும் கெட்டியான வகை வேண்டியிருக்கும். கணுக்காலில் கீல் வைத்தது, முழங்கால் மடங்கிவிடாமல் முன்புறம் தாங்குவது என்று இன்னும் வகைகள் உண்டு. சுளுக்குக்குப் போடும் எலாஸ்டிக் உறை இந்தக் கணக்கிலேயே வராது, அதற்குப் பாதத்தைத் தூக்கும் வலு கிடையாது. எந்த வகை என்பதைக் காலைத் தொட்டு, மடக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த ஒருவர்தான் சொல்ல முடியும்.

மடக்கிப் பார்ப்பதில் ஒரு முக்கிய விஷயம் இருக்கிறது. மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தவர்களுக்குக் கெண்டைக்கால் தசை சுருங்கியிருக்கும். கையால் தள்ளினாலும் பாதம் செங்கோணத்துக்கு வராது. அந்தக் காலைச் செங்கோணத்தில் வார்த்த பட்டைக்குள் திணித்தால் குதிகால் மேலே எழும்பி நிற்கும், எடை முழுவதும் நடுப்பாதத்தில் விழுந்து நாளடைவில் பாதமே உருக்குலையும். முதலில் பிசியோதெரபி, தேவைப்பட்டால் வேறு சிகிச்சை, பிறகுதான் செங்கோணப் பட்டை. அதுவரை இருக்கிற கோணத்துக்கே பட்டை செய்து, குதிகாலுக்கு அடியில் ஆப்பு வைத்து ஈடுகட்டலாம்.

காலணியைப் பற்றி யோசிக்காமல் பட்டை வாங்குவது நம் ஊரில் எல்லோரும் செய்கிற தவறு. பட்டை தனியாக வேலை செய்வதில்லை, எந்தக் காலணிக்குள் போகிறதோ அதோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுத்தான் கெட்டியான பட்டையின் கோணத்தை அமைப்பார்கள். அதைவிடத் தட்டையான காலணியில் போட்டால் முழங்கால் பின்னுக்குத் தள்ளப்படும். குதி உயர்ந்த காலணியில் போட்டால் முழங்கால் முன்னுக்கு மடங்கும். “புது ஷூ வாங்கியதிலிருந்து முட்டி வலிக்கிறது” என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பட்டைக்கு இடம் வேண்டும் என்பதால் ஷூ அரை அல்லது ஒரு சைஸ் பெரிதாக, வாய் அகலமாகத் திறந்து வெல்க்ரோவில் மூடுவதாக, உள்சோலைக் கழற்றும்படியாக இருக்கட்டும். அளவெடுக்கப் போகும்போதே அந்த ஷூவைக் கொண்டு போய்விடுங்கள்.

நம் வீடுகளில் காலணியை வாசலிலேயே கழற்றிவிடுவோம். எனவே நோயாளி வெறும் பிளாஸ்டிக்கோடு டைல்ஸ் தரையில் நடப்பார், அல்லது பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பார். முன்னது வழுக்கும், பின்னது இடறும். இரண்டிலும் விழுந்து இடுப்பு எலும்பு முறிகிற ஆபத்து இருக்கிறது. வீட்டுக்குள் மட்டும் போட ஒரு ஜோடி ஷூ தனியாக வைத்துக்கொள்ளுங்கள், தெருவில் மிதிக்காத ஷூவைப் பூஜையறைக்கு வெளியே எங்கும் போடுவதில் என்ன குறை? அதற்கு மனம் ஒப்பவில்லை என்றால், பட்டையின் அடியில் ரப்பர் சோல் ஒட்டி, குதியில் தேவையான உயரம் வைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். செய்து தருவார்கள். கேட்காததால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை.

மாட்டும் முறைக்கு வருவோம். படுத்த வாக்கில், முழங்காலை நீட்டிவைத்து மாட்டுவது தவறு, அப்போது கெண்டைக்கால் இறுகிக் குதிகால் உள்ளே இறங்காது. நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நன்றாக மடக்க வேண்டும். பட்டையின் மேல் விளிம்பைத் தாண்டும் நீளத்தில் சுருக்கமில்லாத பருத்தி சாக்ஸ் போட வேண்டும். குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி அடிவரை உட்கார வைத்து, கணுக்கால் பட்டியை (ஸ்ட்ராப்) முதலில் போட்டு, கெண்டைக்கால் பட்டியைப் பிறகு போட வேண்டும். குதிக்குக் கீழே இடைவெளி தெரிந்தால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். இருக்கட்டும் என்று விட்ட இடைவெளிதான் சாயங்காலம் கொப்புளமாக நிற்கும்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அதைச் சுற்றித் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. பட்டையின் மேல் விளிம்பு அந்த முண்டுக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழே நிற்க வேண்டும். அதன் மேல் அழுந்தினால், பாதத்தைத் தூக்க வேண்டிய அந்த நரம்பே கெடும்.

முதல் நாளே காலையிலிருந்து இரவுவரை போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு வாரத்தில் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறை கழற்றியதும் கணுக்கால் முண்டுகள், குதியின் பின்புறம், சுண்டுவிரல் பக்க ஓரம், உள்வளைவு எல்லாவற்றையும் பாருங்கள். அரை மணிக்குள் மறையும் சிவந்த தடம் இயல்பானது. அதைத் தாண்டியும் நின்றால் பட்டையில் திருத்தம் வேண்டும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே நிறம் இன்னும் கறுப்பது, தொட்டால் சூடாக இருப்பது, தடித்திருப்பது ஆகியவையே அடையாளம். புறங்கையால் தொட்டுப் பார்த்து மற்றக் காலோடு ஒப்பிடுங்கள். சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ உணர்வு மரத்த கால் என்றால் “வலிக்கவில்லையே” என்ற சொல்லுக்கு மதிப்பே இல்லை. அந்தக் கால்களுக்குக் கடையில் தொங்கும் பட்டை வேண்டாம். மாவுக்கட்டில் அச்செடுத்து, உள்ளே மெத்தை வைத்துச் செய்ததே வேண்டும்.

உறுத்துகிற இடத்தை வீட்டிலேயே அடுப்பில் காட்டி வளைக்கவோ, பிளேடால் சீவவோ வேண்டாம். சூடான கருவியால் சரியான இடத்தில் வெளியே தள்ளுவது பட்டை செய்து தந்தவர்களுக்குச் சில நிமிட வேலை. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் பட்டையை வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.

குழந்தைகளுக்கு வேறு கவலை. கால் வளர்ந்துகொண்டே இருக்கும், பட்டை வளராது. விரல்கள் விளிம்பைத் தாண்டினாலோ, குழந்தை மாட்டும்போதே அழுதாலோ, அடம் என்று நினைக்காமல் அளவைப் பாருங்கள்.

செய்து தருகிறவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆர்த்தோட்டிஸ்ட்தானா (இத்தகைய பட்டைகளைச் செய்யப் பயிற்சி பெற்றவர்தானா) என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் அளவெடுத்துச் செய்யும் பிரிவுகள் இருக்கின்றன. உதவித் திட்டங்களுக்கு உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். எங்கே செய்தாலும், பட்டையைக் கையில் வாங்கியதோடு கிளம்பாமல், அங்கேயே ஷூ போட்டுப் பத்து நிமிடம் நடந்து, கழற்றித் தோலைக் காட்டி, திருத்தத்துக்கு மறுபடி எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.