கேம் கம்பெனியோடு மோதும்போது இ-ஸ்போர்ட்ஸ் அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓவர்வாட்ச் என்ற வீடியோ கேமை வைத்து நடந்த இ-ஸ்போர்ட்ஸ் தொடரான, அதாவது தொழில்முறை வீடியோ கேம் போட்டியான ஓவர்வாட்ச் லீக் 2018 ஜனவரியில் 12 அணிகளோடு தொடங்கியது. ஒரு நகரத்தின் பெயரில் அணி வைத்துக்கொள்ள அந்தக் கேமின் சொந்தக்காரரான ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனம் 20 மில்லியன் டாலர் கேட்டதாக அப்போது செய்திகள் வந்தன. தவணையாகக் கட்டலாம் என்றார்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட் போன்றவர்களே நம்பிப் பணம் போட்டார்கள். 2023 இறுதியில் லீக்கின் கதை முடிந்தது. விலகும் ஒவ்வொரு அணிக்கும் 6 மில்லியன் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

பெரிய முதலாளிகள் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார்கள். எனக்கு வருத்தம் அவர்களுக்காக இல்லை. பதினெட்டு வயதில் படிப்பை ஒதுக்கிவிட்டு அந்த அணிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கேமில் போவதற்கு வேறு இடம் இல்லாமல் போனது. கேமை உருவாக்கும் கம்பெனிக்கும் அதை வைத்துப் பிழைக்கும் அணிகளுக்கும் நடுவே இருபது வருடமாக நடக்கிற இழுபறியில் முதலில் அடிபடுவது விளையாடுகிறவர்கள்தான். அதனால் அணி நடத்துகிறவர்களும், நடத்த ஆசைப்படுகிறவர்களும் இதற்கு முன் மற்றவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கேமுக்கு ஒரு முதலாளி இருப்பதை மறப்பது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். கிரிக்கெட் ஆட நாம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தெருவில் ஸ்டம்ப் நட்டு டோர்னமென்ட் நடத்தலாம், டிக்கெட்டும் விற்கலாம். வீடியோ கேம் அப்படியில்லை. அதன் ஒவ்வொரு வரி நிரலும், ஒவ்வொரு படமும், ஒலியும் ஒரு கம்பெனியின் பதிப்புரிமைக்குள் இருக்கிறது. அதைப் பொதுவில் காட்டிக் காசு பண்ண அந்தக் கம்பெனியின் சம்மதம் வேண்டும்.

தென் கொரியா இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. பிளிஸார்டின் ஸ்டார்கிராஃப்ட் 1998இல் வெளிவந்தபோது அந்த நாடு பொருளாதார நெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்தது. வேலை இழந்தவர்கள் பலர் பிசி பாங் எனப்படும் இணைய விளையாட்டுக் கூடங்களைத் திறந்தார்கள். அங்கே இந்த கேம் காட்டுத்தீயாகப் பரவியது. 2000இல் கெஸ்பா என்ற கொரிய இ-ஸ்போர்ட்ஸ் சங்கம் அரசின் ஒப்புதலோடு உருவானது. ஆன்கேம்நெட், எம்பிசி கேம் என்று இரண்டு தொலைக்காட்சிகள் இரவு பகலாகப் போட்டிகளை ஒளிபரப்பின. எஸ்கே டெலிகாம், கேடி, சாம்சங் எல்லாம் அணி வைத்திருந்தன. விமானப் படைக்கே ஒரு அணி இருந்தது. 2004இல் பூசான் நகரத்துக் குவாங்கல்லி கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டிக்கு ஒரு லட்சம் பேர் வந்ததாக இன்றும் சொல்கிறார்கள்.

இத்தனையையும் கட்டியெழுப்பியது கொரியர்களின் உழைப்பு. அந்தப் பெருமிதத்தில் கெஸ்பா 2007இல் புரோலீக் என்ற ஸ்டார்கிராஃப்ட் அணிகளுக்கான லீக் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையைத் தானே விற்றது. கேமை உருவாக்கிய கம்பெனி விழித்துக்கொண்டது அப்போதுதான். மூன்று வருடம் பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு வரவில்லை. எங்கள் அறிவுசார் சொத்துரிமையைக் கெஸ்பா ஏற்க மறுக்கிறது என்று சொல்லி 2010 ஏப்ரலில் பிளிஸார்ட் பேச்சை முறித்தது. அடுத்த மாதமே கிரெடெக் என்ற வேறொரு நிறுவனத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்தது. அதே வருடக் கடைசியில் இரண்டு தொலைக்காட்சிகள் மீதும் வழக்குப் போட்டது.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பழைய ஸ்டார்கிராஃப்டில் லேன் வசதி இருந்தது. ஒரே அறையில் கணினிகளைக் கம்பியால் இணைத்துவிட்டால் போதும், பிளிஸார்டின் சர்வர் தேவையே இல்லை. 2010 ஜூலையில் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இனி எந்தப் போட்டியும் கம்பெனியின் பேட்டில்நெட் என்ற இணைய சர்வர் வழியாகத்தான் நடக்க முடியும். நீதிமன்றம் என்ன சொல்லும் என்று காத்திருக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போனது. சட்டத்தை விட சர்வர்தான் பெரிய ஆயுதம் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம்.

2011 மே மாதம் சமரசம் ஆனது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. 2011 டிசம்பரில் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் கேம் கொரியாவுக்குள் நுழைந்து பிசி பாங்குகளைப் பிடித்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் எம்பிசி கேம் இசைத் தொலைக்காட்சியாக மாறியது. கெஸ்பாவும் பிளிஸார்டும் கைகோத்துப் புரோலீக்கை ஸ்டார்கிராஃப்ட் 2க்கு மாற்றினார்கள், ஆனாலும் 2016 அக்டோபரில் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. என்னைக் கேட்டால் இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் தோற்றார்கள். கெஸ்பா 2007இலேயே உரிமையை ஒப்புக்கொண்டு பங்கு பேசியிருக்க வேண்டும். தன் கேமுக்கு ஒரு நாடே கொடுத்த வாழ்வை பிளிஸார்டும் மதித்திருக்க வேண்டும்.

ஸ்லாட்டை சொத்து என்று நம்புவது

லீக்கில் ஒரு ஸ்லாட், அதாவது அணி வைத்துக்கொள்ளும் இடம், வாங்கினால் நிலம் வாங்கியது போலத்தான், விலை ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணத்தில்தான் பலர் ஓவர்வாட்ச் லீக்கில் நுழைந்தார்கள். இரண்டாவது வருடம் அணிகள் 20 ஆயின. 2020இல் சொந்த ஊர் அரங்குகளில் டிக்கெட் விற்றுப் பணம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், கொரோனா வந்து அதைக் கலைத்தது. ஓவர்வாட்ச் 2 வெளிவரத் தாமதமானது. பார்வையாளர்கள் குறைந்தார்கள். இந்தக் காரணங்களில் எதையும் அணிகளால் மாற்றியிருக்க முடியாது. அதுதான் பிரச்சினையே. கேம் எப்போது வரும், லீக் எத்தனை மாதம் நடக்கும், எந்தத் தளத்தில் ஒளிபரப்பாகும் என்ற எல்லா முடிவும் ஸ்லாட்டை விற்றவர் கையில் இருந்தது. வாங்கியவர் கையில் இருந்தது செலவு மட்டும்தான்.

அதே நிறுவனத்தின் கால் ஆஃப் டியூட்டி லீக்கில் நிலைமை நீதிமன்றம் வரை போனது. பிரபல அணி உரிமையாளர் ஹெக்டர் ரோட்ரிகஸும் முன்னாள் வீரர் சேத் ஏப்னரும் 2024 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் மீது 680 மில்லியன் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். தொழில்முறைப் போட்டிகளை முழுக்கத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

ஸ்லாட் வாங்குவதே தவறு என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடும் முன் சில கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். லீக் மூடப்பட்டால் எனக்கு என்ன கிடைக்கும்? கேம் கம்பெனி கைமாறினால் இந்த ஒப்பந்தம் யாரைக் கட்டுப்படுத்தும்? ஸ்லாட்டை நான் வேறொருவருக்கு விற்க முடியுமா, அதற்கு யார் அனுமதி வேண்டும்?

ஒரே கேமில் எல்லாவற்றையும் போடுவது

2018 டிசம்பரில் ஹீரோஸ் ஆஃப் த ஸ்டார்ம் கேமின் தொழில்முறைப் போட்டிகள் அடுத்த வருடம் கிடையாது என்று பிளிஸார்ட் ஒரே ஓர் அறிவிப்பில் சொல்லிவிட்டது. அடுத்த சீசனுக்குத் தயாராகிக்கொண்டிருந்த வீரர்களுக்கும் வர்ணனையாளர்களுக்கும் அந்த அறிவிப்போடு சேர்ந்து வேலையும் போனது.

இந்தியாவில் இந்த வலி நமக்கு வேறு வழியில் தெரியும். 2022 ஜூலையில் கிராஃப்டன் நிறுவனத்தின் மொபைல் கேமான பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. அது அரசின் உத்தரவு, கிராஃப்டன் நிறுவனத்தின் விருப்பம் இல்லை. ஆனால் கேம் திரும்பி வந்த 2023 மே வரை அந்த ஒரு கேமை நம்பியிருந்த அணிகளுக்கு விளைவு ஒன்றுதான். தாக்குப்பிடித்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் வேறு கேம்களிலும் அணி வைத்திருந்தவர்கள் அல்லது யூட்யூபில் சொந்தமாக ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள்.

விதியை எழுதுகிறவரிடம் கோபத்தில் பேசுவது

கேம் கம்பெனி அவ்வப்போது பேட்ச் எனப்படும் புதுப்பிப்பு விட்டு ஆட்டத்தையே மாற்றும். 2016 கோடையில் ரயட் கேம்ஸ், லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் பிளேஆஃப் நெருங்கும் நேரத்தில் ஒரு பெரிய மாற்றம் செய்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்த உத்திகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. டிஎஸ்எம் அணியின் உரிமையாளர் ஆண்டி டின் இதைப் பொதுவெளியில் கண்டித்தார். வீரர்களின் தொழில் வாழ்க்கை ஏற்கெனவே குறுகியது, இப்படி மாற்றினால் அவர்கள் கதி என்ன என்று கேட்டார்.

ரயட்டின் இணை நிறுவனர் மார்க் மெரில் ரெடிட்டில் பதில் எழுதினார். வீரர்கள் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், லீக்கில் சம்பாதித்த பணத்தை வேறு கேம்களில் போட்டு நஷ்டப்படாமல் அவர்களுக்கே சம்பளமாகக் கொடுக்கலாமே என்ற தொனியில் இருந்தது அந்தப் பதில். ரசிகர்கள் கொதித்தார்கள், மெரில் பிறகு தன் பதிவைத் திருத்தினார். எனக்கு அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது. ஒரு கேம் எப்போது வேண்டுமானாலும் சாகலாம் என்று தெரிந்துதானே அணிகள் வேறு கேம்களில் பணம் போடுகின்றன? அதைக் குற்றமாகச் சொல்ல கேமின் சொந்தக்காரருக்கு என்ன நியாயம் இருக்கிறது?

ஆனால் அணிகளுக்கு அப்புறம் பலன் கொடுத்தது கோபம் இல்லை. அந்த வருடம் நவம்பரில் 18 அணி உரிமையாளர்கள் சேர்ந்து ரயட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். வருமானத்தில் பங்கும், லீக்கில் நிரந்தர இடமும் கேட்டார்கள். ஏற்கெனவே உலக சாம்பியன்ஷிப் ஸ்கின் (கேம் பாத்திரத்துக்கான அலங்காரத் தோற்றம்) விற்பனையில் 25 சதவீதத்தைப் பரிசுத் தொகையில் சேர்க்க ரயட் இறங்கிவந்திருந்தது. 2018இல் வட அமெரிக்க லீக், தோற்ற அணியைக் கீழ் லீக்குக்கு அனுப்பும் தரமிறக்கம் இல்லாத, இடத்தை விலைக்கு வாங்கும் பிரான்சைஸ் முறைக்கு மாறியது. இடத்தின் விலை 10 மில்லியன் டாலர் என்று செய்திகள் கூறின. கேட்டது முழுக்கக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். தனித்தனியாகப் போயிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

அணியின் நலனே வீரரின் நலன் என்று நினைப்பது

அணிகள் ஒன்றுசேர்வது நல்லது என்று இப்போதுதான் சொன்னேன். அதே ஒற்றுமை வீரர்களுக்கு எதிராகத் திரும்பவும் செய்யும். ஓவர்வாட்ச் லீக்கில் சம்பளத்துக்கு ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அதைத் தாண்டிச் செலவழிக்கும் அணி, தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் அபராதம் கட்ட வேண்டும். இது வீரர்களின் சம்பளத்தை அமுக்குகிறது என்று அமெரிக்க நீதித் துறை 2023 ஏப்ரலில் வழக்குப் போட்டது. இனி அப்படிச் செய்வதில்லை என்று ஆக்டிவிஷன் ஒப்புக்கொண்டு முடித்தது.

அடுத்த மாதமே ரயட்டின் வட அமெரிக்க லீக்கில் வேறொன்று. ஒவ்வோர் அணியும் இரண்டாம் நிலை லீக்கில் ஒரு இளையோர் அணி வைத்திருக்க வேண்டும் என்ற விதியை அணிகளின் கோரிக்கைப்படி ரயட் நீக்கியது. செலவு மிச்சம் என்று பெரும்பாலான அணிகள் உடனே இளையோர் அணிகளைக் கலைத்தன. இளம் வீரர்களும் பயிற்சியாளர்களும் வேலை இழந்தார்கள். இங்கே கேம் கம்பெனியும் அணிகளும் ஒரே பக்கம், வீரர்கள் தனியே. வீரர்கள் சங்கம் வாக்கெடுப்பு நடத்தி வெளிநடப்பை அறிவித்தது. ரயட் சீசன் தொடக்கத்தை இரண்டு வாரம் தள்ளிவைத்தது. அதற்குள் உடன்பாடு வராவிட்டால் கோடை சீசனே இல்லை, உலக சாம்பியன்ஷிப்புக்கும் இங்கிருந்து யாரும் போக முடியாது என்றது. கடைசியில் பேசி முடித்தார்கள். அந்தச் சங்கமே தொடக்கத்தில் ரயட் கொடுத்த பணத்தில்தான் உருவானது என்பதை வைத்துப் பார்த்தால், வீரர்கள் அன்று காட்டிய துணிச்சல் பெரிது.

வீரராக இருக்கும் தம்பி தங்கைகள் ஒப்பந்தத்தை அணி நிர்வாகத்திடம் மட்டும் விளக்கம் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அணியோடு தொடர்பில்லாத ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ரயட்டின் ஒப்பந்தத்தில் வேறு சில கேம்களை ஸ்ட்ரீம் செய்யக் கூடாது என்று 2013 டிசம்பரில் ஒரு தடை இருந்தது தெரியவந்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அது மாற்றப்பட்டது. யாரோ படித்துப் பார்த்து வெளியே சொன்னதால்தான் அது நடந்தது.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

வால்வ் நிறுவனம் கவுன்டர் ஸ்ட்ரைக் என்ற தன் துப்பாக்கிச் சண்டை கேமைப் பல வருடம் அதன் போக்கில் விட்டிருந்தது. அந்த இடைவெளியில் 2020 பிப்ரவரியில் போட்டிகள் நடத்தும் இஎஸ்எல் நிறுவனமும் 13 அணிகளும் லூவர் ஒப்பந்தம் போட்டு, இஎஸ்எல் நடத்தும் புரோ லீக்கில் நிரந்தர இடமும் வருமானப் பங்கும் பிரித்துக்கொண்டன. போட்டி நடத்தும் இன்னொரு நிறுவனமான பிளாஸ்டும் தனக்கென்று பங்காளி அணிகளை வைத்திருந்தது. 2023 ஆகஸ்டில் வால்வ் வாய் திறந்தது. 2025 முதல் போட்டி நடத்துபவர் எந்த அணியோடும் தனி வணிக உறவு வைத்திருக்கக் கூடாது. அழைப்பு தரவரிசைப்படி அல்லது திறந்த தகுதிச் சுற்று வழியாக மட்டுமே. நிரந்தர இடத்தை நம்பி முதலீடு வாங்கிய அணிகள் தங்கள் கணக்கை மறுபடி போட வேண்டியதாயிற்று. சின்ன அணிகளுக்குக் கதவு திறந்ததால் இந்த முடிவு நல்லது என்பதே என் கருத்து. ஆனால் அதை எடுத்தது ஒரே ஒரு கம்பெனி. நாளைக்கே வேறு மாதிரியும் அது முடிவு எடுக்கலாம்.

நின்டெண்டோ நிறுவனத்தின் விஷயத்தில், அதன் ஸ்மாஷ் பிரதர்ஸ் சண்டை கேமின் ரசிகர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. 2013இல் ஈவோ என்ற சண்டை கேம் போட்டியில், ஸ்மாஷ் வரிசையின் மெலீ கேம் ஆட்டங்களை ஒளிபரப்பக் கூடாது என்றார்கள், எதிர்ப்பைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். 2023 நவம்பர் முதல் அமலான விதிப்படி, தனி உரிமம் வாங்காமல் நடத்தும் போட்டிகளில் நேரில் 200 பேர், இணையத்தில் 300 பேர் வரைதான் கலந்துகொள்ளலாம். பரிசு 5,000 டாலரைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊரில் ஐம்பது பேரை வைத்துச் சின்னதாக ஒரு டோர்னமென்ட் நடத்துவதாக இருந்தாலும், பேனர் அடிக்கும் முன்பே அந்தக் கேம் கம்பெனியின் சமூகப் போட்டி விதிகளை ஒரு முறை படியுங்கள். நுழைவுக் கட்டணம், ஸ்பான்சர், பரிசுத் தொகை மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி வரம்பு இருக்கும். விதிகள் மாறுவதால் ஒவ்வொரு முறை நடத்தும்போதும் புதிதாகப் பாருங்கள்.