சட்டமன்றக் காவலர்களுக்குக் காவல்துறை அதிகாரம் அளிக்கும் சட்டத்தை வரைவது எப்படி?

இந்திய மாநிலமொன்றின் சட்டமன்றத்தில் அவைக் காவலர்கள் பேரவைத் தலைவரின் ஆணைப்படி உறுப்பினரை வெளியேற்றலாம். ஆனால் கைது, சோதனை போன்ற காவல்துறை அதிகாரங்களை அவர்களுக்கு அளிப்பதற்கு அவை விதிகளைத் திருத்துவதைவிடச் சட்டம் இயற்றுவதே உறுதியான வழி. காவல்துறை, மாநிலங்கள் சட்டம் இயற்றும் துறைகளைக் கொண்ட மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலமே இச்சட்டத்தைக் கொண்டுவரலாம். எனினும் குற்றவியல் நடைமுறை, மத்தியும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் உள்ளதால், மத்தியச் சட்டத்தோடு முரண்படும் பிரிவு நிலைக்க அரசியலமைப்பின் 254(2)ஆம் உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும்.

வரைவில் முதலில் எல்லையை வகுக்க வேண்டும்: அவை மண்டபம் மட்டுமா, பார்வையாளர் மாடம், வாகன நிறுத்துமிடம், உறுப்பினர் விடுதி ஆகியவையும் சேருமா என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் முதல் கைதிலேயே வழக்கு வரும். அடுத்து, “பிடிபட்டவரைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்” என்ற வாசகத்தைச் சேர்க்க வேண்டும். ஏனெனில் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர்முன் நிறுத்த வேண்டுமென்ற 22(2)ஆம் உறுப்பு இங்கும் பொருந்தும். புலனாய்வு அதிகாரத்தைத் தராமலிருப்பதே நல்லது.

சிக்கலானது கட்டுப்பாடுதான். 187ஆம் உறுப்பின்படி சட்டமன்றச் செயலகப் பணியாளர்கள் தனியமைப்பினர் என்பதால், அவைக் காவலர்கள்மீதான புகாரை விசாரிப்பது பேரவைத் தலைவரா, காவல்துறைத் தலைவரா என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும்.