ஜாஸ் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜாஸ் கலைஞர்களைப் பற்றி எதைப் படிக்க ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுப் பேச்சு வந்துவிடும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் கடிதத்தை முடிக்கும்போது 'ரெட் பீன்ஸ் அண்ட் ரைஸ்லி யுவர்ஸ்' (சிவப்பு பீன்ஸும் சோறுமாய், உங்கள்) என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதே நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த கெர்மிட் ரஃபின்ஸ் தன் குழுவுக்கே 'பார்பிக்யூ ஸ்விங்கர்ஸ்' என்று பெயர் வைத்தார், ட்ரம்பெட் வாசிக்கப் போகிற இடத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி சுட்டுப் பரிமாறுவதும் அவருக்கு வழக்கம். பேஸ் கலைஞர் சார்ல்ஸ் மிங்கஸின் எக்நாக் (முட்டை, பால், மது கலந்த பானம்) செய்முறை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் படித்துவிட்டு, நாமும் ஒரு ரெக்கார்டைப் போட்டு, அடுப்பில் ஒரு பெரிய பாத்திரத்தை ஏற்றி, நண்பர்களைக் கூப்பிடலாம் என்று கிளம்புகிறோம். நல்ல ஆசைதான். ஆனால் அதில் திரும்பத் திரும்ப நடக்கிற சில தவறுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை காதோடு போய்விடும், ஒன்று மட்டும் வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

முதல் தவறு, "ஜாஸும் சமையல் மாதிரிதான், மனம்போன போக்கில் கலக்க வேண்டியதுதான்" என்று சொல்வது. இந்த உவமையை எத்தனை பேர் எழுதியிருப்பார்கள் என்றே தெரியாது, தயவுசெய்து விட்டுவிடலாம். சோலோ, அதாவது தனி ஆவர்த்தனம், வாசிக்கிறவர் மனம்போன போக்கில் வாசிப்பதில்லை. பாட்டுக்கு ஒரு கட்டமைப்பு இருக்கிறது, ப்ளூஸ் என்றால் பெரும்பாலும் 12 பார் (பார் என்பது ஒரு தாள அளவு), பழைய அமெரிக்கப் பாட்டு என்றால் பெரும்பாலும் 32 பார், அதற்குள் எந்த இடத்தில் எந்த கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வரும் என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும், அது தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். ட்ரம்பெட் கலைஞர் டிஸி கில்லெஸ்பி 1945-இல் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரோடு பதிவு செய்த 'சால்ட் பீனட்ஸ்' கேட்க வெறும் குறும்பு மாதிரி இருக்கும், உப்புக்கடலை உப்புக்கடலை என்று கத்துகிறார்கள், அவ்வளவுதானே என்று தோன்றும். அடியில் இருப்பது இசையமைப்பாளர் கெர்ஷ்வின் 1930-இல் எழுதிய 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டு வரிசை. நூற்றுக்கணக்கான ஜாஸ் மெட்டுகள் அந்த ஒரே வரிசை மேல் நிற்கின்றன. அதனால் புதிதாகக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தொடக்கத்தில் வரும் மெட்டை மனத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், சோலோ ஆரம்பித்ததும் அந்த மெட்டை உள்ளுக்குள் பாடிக்கொண்டே கேளுங்கள். முதல் சில தடவை நடுவில் தொலைந்துபோவீர்கள், பரவாயில்லை. பிடிபட்டுவிட்டால் அப்புறம் அது வேறு இசையாகக் கேட்கும்.

சாப்பாட்டுத் தலைப்பு இருந்தால் பாட்டும் சாப்பாட்டைப் பற்றியது என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 1927-இல் பதிவு செய்த ஒரு பாட்டின் தலைப்பில் பார்பிக்யூ வரும். அன்றைய பேச்சுவழக்கில் அது அழகான பெண்ணைக் குறிக்கும் சொல்லும்கூட. தலைப்பைப் பார்த்தே விருந்துக்குப் பாட்டு வரிசை போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தர்பூசணி, கோழி, சோளரொட்டி என்று தேடித் தேடிக் கோப்பார்கள். விளையாட்டாகச் செய்யலாம். கேட்க நன்றாக இருக்குமா என்பது வேறு விஷயம், ஒன்று 1920-களின் கிறீச்சிடும் பதிவு, அடுத்தது 60-களின் ஃபங்க் தாளம், ஒன்றோடொன்று ஒட்டாது.

இந்த விளையாட்டு எங்கே கொஞ்சம் அசிங்கமாகிறது என்றால், விருந்துக்கு 'தீம்' வைக்கும்போது. தர்பூசணியும் பொரித்த கோழியும் அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கேலி செய்யப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தப்பட்ட படங்கள். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் 1962-இல் தர்பூசணிக்காரனின் பெயரில் ஒரு மெட்டைப் போட்டபோது அந்தக் கேலிப்படம் அவர் மனத்திலும் உறுத்தியது. ஆனால் அவருக்கு நினைவிருந்தது சிகாகோவின் சந்துகளில் வண்டிச் சக்கரம் கடகடக்க வந்த வியாபாரியை, அதனால் அந்தப் பெயரையே வைத்தார். அவர் யோசித்து வைத்த பெயரை யோசிக்காமல் சுவரில் ஒட்டி அலங்காரமாக்க வேண்டாம் என்கிறேன்.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்ததும். ஜாஸ் கலைஞர்களின் சாப்பாட்டு ஆசையை வெறும் ஜாலியாக மட்டும் பார்ப்பது. கறுப்பினக் கலைஞர்கள் தென் மாநிலங்களில் சுற்றுப்பயணம் போன காலத்தில், இரவு எந்த ஹோட்டலில் வாசித்தார்களோ அந்த ஹோட்டலின் சாப்பாட்டு அறையிலேயே அவர்களை உட்காரவிட மாட்டார்கள். பின்வாசலில் பொட்டலம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சாப்பிட வேண்டும், அதுவும் கிடைத்தால். எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்காகவே 'கிரீன் புக்' என்ற வழிகாட்டி 1936 முதல் வந்துகொண்டிருந்தது. பெரிய குழு ஒன்றை நடத்திய டியூக் எலிங்டன் 30-களில் தெற்கே போனபோது குழுவுக்கென்று தனி ரயில் பெட்டிகளை அமர்த்திக்கொண்டார், தூக்கமும் சாப்பாடும் அதிலேயே. எலிங்டன் எவ்வளவு சாப்பிடுவார், எந்த ஊரில் எது நன்றாக இருக்கும் என்று எப்படிக் கணக்கு வைத்திருந்தார் என்பதை அவரோடு பயணம் போனவர்கள் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கணக்கில் பெருந்தீனி மட்டும் இருந்ததாகத் தோன்றவில்லை. ஒரு ஊரில் மரியாதையாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட முடிந்தது என்பதே ஞாபகம் வைத்துக்கொள்ளும் விஷயமாக இருந்த காலம் அது.

சரி, காதுக்கு வருவோம். சாப்பிடும்போது ஜாஸ் ஓடட்டும், பின்னணியில் இதமாக இருக்கும் என்பார்கள். இதமாக இருக்கும்தான், ஆனால் அப்படிப் போட்டால் பேஸ் முதலில் காணாமல்போகும். ஃபோனிலோ சின்ன ஸ்பீக்கரிலோ தாழ்ந்த சுரங்கள் சரியாக வருவதே இல்லை, அதோடு தட்டுச் சத்தம், பேச்சு. பேஸும் ட்ரம்ஸும் கேட்காத ஜாஸில் மேலே மிதக்கும் சாக்ஸபோன் மட்டும் மிஞ்சும், லிஃப்டில் ஓடும் இசைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு வாசித்ததைப் பதிவு செய்தார்கள், அதில் கிளாஸ்கள் உரசும் சத்தமும் பார்வையாளர்களின் பேச்சும் நன்றாகக் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ அடுத்த 11-வது நாளே கார் விபத்தில் இறந்துபோனார். அந்தப் பேச்சுச் சத்தத்துக்கு நடுவே அவர் வாசிப்பதைக் கேட்கும்போதெல்லாம், பேசிக்கொண்டிருந்த அந்த மேசைக்காரர்களை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும்போல இருக்கும். மிங்கஸ் அதைச் செய்யவே செய்வார். 1960-இல் ஸ்டுடியோவில் வெறும் அறையில் பதிவு செய்தபோதுகூட, எதிரே கிளப் கூட்டம் இருப்பதாகப் பாவித்து, கைதட்ட வேண்டாம், கிளாஸில் ஐஸைக் குலுக்க வேண்டாம் என்று அறிவித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

அப்படியானால் சாப்பாட்டோடு ஜாஸ் கேட்கவே கூடாதா? கேட்கலாம், நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சமைக்கும்போது கேளுங்கள். நியூ ஆர்லியன்ஸின் கெட்டிக் குழம்பான கம்போ செய்கிறீர்கள் என்றால் மாவையும் எண்ணெயையும் சம அளவில் எடுத்து மிதமான தீயில் கிளறி 'ரூ' தயாரிக்க வேண்டும், நன்றாகப் பழுப்பு ஏற அரைமணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும், அந்த இடத்தை விட்டு நகரவே முடியாது. கை கட்டிப்போட்ட மாதிரி, காது சும்மா. ஒரு எல்பி ரெக்கார்டின் ஒரு பக்கம் சுமார் 20 நிமிடம், இரண்டு பக்கமும் ஓடி முடியும்போது ரூ சாக்லேட் நிறத்துக்கு வந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் இசையை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், அல்லது ஏற்கெனவே மனப்பாடமான ஏதாவது ஸ்விங் ரெக்கார்டைத் தணித்துப் போடுங்கள். புதிதாக வாங்கியதைச் சாப்பாட்டு மேசையில் அறிமுகப்படுத்தாதீர்கள்.

ரூ பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கறுப்புப் புள்ளிகள் விழும், விழுந்துவிட்டால் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள், அந்தக் கசப்பு பாத்திரம் முழுக்கப் பரவிவிடும். நிறம் ஏற ஏற மாவுச்சத்து உடைந்துபோவதால் கெட்டியாக்கும் சக்தி குறையும், ஆகவே கறுப்புக்கு நெருங்கிய ரூ போட்டுவிட்டுக் குழம்பு ஏன் தண்ணியாக இருக்கிறது என்று கேட்க வேண்டாம். அதற்குத்தான் வெண்டைக்காய் அல்லது ஃபிலே எனப்படும் சாஸஃப்ராஸ் இலைப்பொடி. அந்தப் பொடியை அடுப்பில் கொதிக்கும்போது போட்டால் நூல்நூலாக இழுக்கும், இறக்கிய பிறகுதான் தூவ வேண்டும்.

இப்போது வயிற்றைப் பதம் பார்க்கும் விஷயம். ஆம்ஸ்ட்ராங் மேல் உள்ள அன்பில் எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது சிவப்பு பீன்ஸும் சோறும்தான், அதாவது ராஜ்மா. நியூ ஆர்லியன்ஸில் அது திங்கட்கிழமைச் சாப்பாடு. திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள், ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மிஞ்சிய பன்றித்தொடை எலும்பைப் போட்டு பீன்ஸை அடுப்பில் ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றும் அடிப்படை. இந்த 'அது பாட்டுக்கு வேகட்டும்' என்பதைப் படித்துவிட்டுத்தான் பலர் உலர்ந்த பீன்ஸை நேராக மின்சார ஸ்லோ குக்கரில் கொட்டி, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். செய்யவே கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகை நச்சு ஒன்று இருக்கிறது, சரியாக வேகாத சில பீன்ஸ் சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். ஸ்லோ குக்கரின் குறைந்த சூடு அந்த நச்சை அழிக்கப் போதாது, அரைகுறைச் சூட்டில் அது கூடவும் செய்யும். குறைந்தது 5 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும், 10 நிமிடம் கட்டாயம், அரைமணி நேரம் என்றால் கவலையே இல்லை. அதற்கு அப்புறம் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் வேகட்டும். பிரஷர் குக்கரிலும் வைக்கலாம், டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான். தக்காளி மாதிரிப் புளிப்பு எதையும் பீன்ஸ் வெந்து குழைவதற்கு முன் சேர்க்காதீர்கள், தோல் இறுகிக்கொள்ளும். கடைசியில் கொஞ்சம் பீன்ஸைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசித்துவிட்டால் குழம்பு பதமாகச் சேர்ந்து வரும், வேறு மாவு எதுவும் வேண்டாம்.

ஆம்ஸ்ட்ராங்குக்கு இது எவ்வளவு முக்கியம் என்றால், 1942-இல் லூசிலைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன், உனக்கு ரெட் பீன்ஸும் சோறும் சமைக்கத் தெரியுமா என்று நேராகவே கேட்டிருக்கிறார். மறுவருஷம் குயின்ஸில் வாங்கிய வீட்டில் 1971-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அங்கே அவருக்கு இன்னொரு பைத்தியமும் இருந்தது. ரெக்கார்டுகளையும் வீட்டுப் பேச்சையும் டேப்பில் பதிவு செய்து, பெட்டிகளின் மேல் படங்களை வெட்டி ஒட்டிக்கொண்டே இருப்பார்.

நீங்களே வாசிக்கிறவர் என்றால் விருந்தில் உங்களுக்கென்று தனித் தொல்லைகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஊதினால் மூச்சு ஆழமாக இறங்காது, நீண்ட வரி பாதியில் அறுந்துவிடும். உப்பும் காரமும் அதிகமானதைத் தின்றால் உதடு காய்ந்து எரியும், ட்ரம்பெட்காரருக்கு உதடுதான் எல்லாம். ஆம்ஸ்ட்ராங் உதடு வெடித்து மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் இருந்திருக்கிறார், பிறகு ஜெர்மனியிலிருந்து களிம்பு வரவழைத்துத் தடவிக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வாசிக்கிறவர்கள் வாய் கொப்பளிக்காமல் ஊதினால் இனிப்பும் எச்சிலும் ரீடிலும் (வாயில் வைக்கும் மெல்லிய பட்டை) துளைகளை மூடும் பேடிலும் போய் ஒட்டிக்கொள்ளும், பேட் பிசுபிசுத்துச் சாவி ஒட்டும்.

கடைசியாக ஒன்று, விழா நடத்துகிறவர்களுக்கு. ஜாஸ் குழுவை அமர்த்திவிட்டுச் சாப்பாட்டை மறந்துவிடுகிறார்கள், அல்லது விருந்தினர் எல்லோரும் முடித்த பிறகு தாழ்வாரத்தில் ஆறிப்போனதைக் கொடுக்கிறார்கள். நியூயார்க்கின் ஹார்லெமில் மின்டன்ஸ் கிளப்பை நடத்திய டெடி ஹில் இதற்கு நேர்மாறாகச் செய்தார். 40-களின் தொடக்கத்தில் திங்கட்கிழமை இரவுகளில் அப்பல்லோ தியேட்டர் கலைஞர்களுக்கு இலவசச் சாப்பாடு போட்டார், சாப்பிட வந்தவர்கள் மேடையேறி வாசித்தார்கள், தெலோனியஸ் மாங்கும் கென்னி கிளார்க்கும் இருந்த அந்த மேடையில்தான் பீபாப் என்ற புது ஜாஸ் பாணியின் பெரும்பகுதி உருவானது. உங்கள் விழாவில் புது இசை பிறக்காமல் போகலாம், ஆனாலும் வாசிக்கத் தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே லேசாக ஏதாவது கொடுங்கள், யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இடைவேளை 15 நிமிடம்தான் என்றால் அதில் முழுச் சாப்பாட்டைத் திணிக்காமல் தண்ணீரும் பழமும் போதும். முழுச் சாப்பாடு வாசித்து முடித்த பிறகு. ட்ரம்ஸ்காரர் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கிவிட்டு எப்போதும் கடைசியாகத்தான் வருவார், அவருக்கு ஒரு தட்டை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.