மலைக்குளிரில் பன்னீர் திராட்சை வினிகர்

கொடைக்கானலில் வீட்டு வினிகர் பாழாவதற்குக் குளிரும் மூடுபனியும்தான் காரணம். சமவெளிக் குறிப்பைப் பார்த்து ஜாடியை மூலையில் வைத்தால் டிசம்பரில் அது அசையாது. இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் ஊரில், சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் ஈஸ்ட் மெத்தனமாகிவிடும். அதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

பழம் மலைக்குக் கீழேயிருந்துதான் வர வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைத்தான் நான் வாங்குவேன். மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அந்த வாசனை வினிகரிலும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குலையைத் தூக்கிப் பாருங்கள். மழையில் பறித்ததென்றால் காம்போரம் பழம் வெடித்திருக்கும். வேண்டாம்.

பந்தலில் மருந்து அடித்திருப்பார்கள், நன்றாக அலசி ஈரம் போக உலர்த்துங்கள். 4 கிலோ பழத்தைக் கையால் பிசையுங்கள். மிக்ஸி கூடாது, விதை உடைந்தால் கசக்கும். 8 லிட்டர் பீங்கான் ஜாடியில் போட்டு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் அரை டீஸ்பூன் தூவி, வாயைத் துணியால் கட்டுங்கள். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரங்களை புளிப்பு அரித்துவிடும்.

ஜாடியை அடுப்படியிலேயே வையுங்கள். விறகடுப்பு உள்ள வீடென்றால் சுவரோரம் போதும். நுரைக்கத் தொடங்கியதும் தோலெல்லாம் மேலே வந்து கெட்டியாக மிதக்கும். காதை வைத்தால் சுர்ரென்று கேட்கும், கை வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். காலையும் மாலையும் அந்தத் தோலைக் கரண்டியால் சாற்றுக்குள் அமுக்குங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்! காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது அமுக்காத தோலில் சீக்கிரமே பூஞ்சை கட்டும்.

நுரை அடங்கித் தோல் இறங்கினால் சர்க்கரை ஆல்கஹாலாகிவிட்டது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். வடிகட்டிய அன்றே வினிகருக்குத் திருப்பிவிடுங்கள். மூன்று பங்கு சாற்றுக்கு, கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பங்கு. அதோடு உயிருள்ள வினிகர், அதாவது ஆல்கஹாலைப் புளிப்பாக்கும் பாக்டீரியா சாகாமல் இருக்கும் வினிகர், ஒரு பங்கு. கடையில் 'மதர்' (அந்தப் பாக்டீரியா படிந்த ஆடை) உள்ளது என்று விற்கும் ஆப்பிள் சிடர் வினிகர் சரியாக வரும். வெள்ளைச் செயற்கை வினிகரில் உயிரே கிடையாது.

வினிகர் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும், 25 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். அதனால் அகன்ற வாய்ப் பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்றி, துணி கட்டி, மறுபடியும் அடுப்படி. பழ ஈ நுழையாமல் இறுக்கிக் கட்டுங்கள். மேலே மெல்லிய ஆடை படர்ந்தால் கலக்காதீர்கள், வேலை செய்வதே அதுதான். பச்சையோ கறுப்போ மயிர்போல முளைத்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மலையில் இரண்டு மூன்று மாதம் ஆகும், அவசரப்படாதீர்கள்.

மூக்கில் ஏறும் புளிப்பு வந்ததும் வடிகட்டிப் பாட்டிலில் அடையுங்கள். பீட்ரூட், வெங்காயப் பச்சடிக்கும் மட்டன் ஊறவைக்கவும் இதற்கு இணை இல்லை. மாதக்கணக்கில் வெளியே வைக்கும் ஊறுகாய்க்கு மட்டும் 4 சதவீதம் என்று அச்சிட்ட கடை வினிகரையே எடுங்கள். வீட்டு வினிகரின் புளிப்பை நாக்கால் அளக்க முடியாது.