ஸ்கிப் எடுக்கப் போகிறீர்களா? லாரி ஓட்டுகிறவன் சொல்கிறேன்

ஸ்கிப் லாரி ஓட்டுவது என் தொழில். ஸ்கிப் என்பது வீட்டை இடித்த, கழித்துக்கட்டிய கழிவைப் போடும் பெரிய இரும்புத் தொட்டி. காலித் தொட்டியை உங்கள் வாசலில் இறக்கிவிட்டு, நீங்கள் நிரப்பியதும் வந்து தூக்கிப் போவேன். தொட்டியை வாடகைக்கு எடுப்பவர்கள் இறக்கும் நாளைப் பற்றி நிறைய யோசிக்கிறார்கள், தூக்கும் நாளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் தகராறு, கூடுதல் கட்டணம், வெறுங்கையோடு திரும்பிய லாரி என்று எது வந்தாலும் அந்த இரண்டாவது நாளில்தான் வரும். அதனால் நான் பின்னாலிருந்தே தொடங்குகிறேன்.

தூக்கும்போது நடப்பது இதுதான். லாரி பின்பக்கமாக வந்து நிற்கும். பின்னால் இரண்டு கால்களை இறக்கித் தரையில் ஊன்றுவேன். இரண்டு இரும்புக் கைகள் தொட்டிக்கு மேலாக நீளும். அவற்றில் தொங்கும் நான்கு சங்கிலிகளை, தொட்டியின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் நான்கு காதுகளில் ஒவ்வொன்றாக மாட்டுவேன். பிறகு ஹைட்ராலிக். சங்கிலி விறைக்கும், தொட்டி ஒருமுறை முனகும், ஒரு விரற்கடை மேலே வரும். பாரம் அளவுக்கு மேல் என்றால் அந்த நொடியிலேயே தெரிந்துவிடும்: லாரியின் மூக்கு தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கினால் தொட்டியைத் திரும்பத் தரையில் வைத்துவிடுவேன். அதற்கு மேல் பேச்சு கிடையாது. எவ்வளவு கெஞ்சினாலும், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துச் சிபாரிசு செய்தாலும் நடக்காது.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் அளவு. தொட்டிகளைக் கன கஜத்தில் சொல்வார்கள், சில இடங்களில் கன மீட்டரில். ஒரு கன கஜம் சுமார் 0.76 கன மீட்டர். அதனால் 4 கஜத் தொட்டி என்றால் 3 கன மீட்டர், 6 கஜம் என்றால் நாலரை, 8 கஜம் என்றால் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைகளுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் வரும். 12, 14, 16 கஜத் தொட்டிகளும் உண்டு. அவை பழைய சோபா, அலமாரி, அட்டைப்பெட்டி போன்ற லேசான சாமான்களுக்கு. அவற்றில் மண்ணையும் கல்லையும் போட விடமாட்டார்கள்.

ஏன் விடமாட்டார்கள் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். உடைத்துப் போட்ட செங்கலும் கான்கிரீட்டும் ஒரு கன மீட்டருக்கு 1.2 முதல் 1.5 டன் வரை எடை வரும். தோண்டிய மண்ணும் அதே கணக்குதான், நனைந்தால் இன்னும் கூடும். 8 கஜத் தொட்டியை விளிம்பு வரை கல்லால் நிரப்பினால் 8 டன்னைத் தொட்டுவிடும். சாதாரண இரண்டு அச்சு ஸ்கிப் லாரி சுமக்கக்கூடியது ஏறக்குறைய அவ்வளவுதான். 14 கஜத் தொட்டியில் கல்லை நிரப்பினால் அதை என் வண்டியால் அசைக்கக்கூட முடியாது. ‘பெரிசாகவே எடுத்துக்கொள்வோம், மிச்ச இடம் இருந்தால் இருக்கட்டும்’ என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். கல், மண் என்றால் சின்னத் தொட்டி. பருமனான, லேசான பொருள் என்றால் பெரிய தொட்டி.

எவ்வளவு வரும் என்று கணக்குப் போடுவது கஷ்டமில்லை. ஒரு குறுக்குச் சுவரை இடிக்கிறீர்கள். நீளம் 3 மீட்டர், உயரம் 2.5 மீட்டர், இரண்டு பக்கப் பூச்சோடு சேர்த்து கனம் 13 சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 1 கன மீட்டர். அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நின்ற சுவருக்கும் இடிந்த சுவருக்கும் பருமன் ஒன்றில்லை. கட்டிகளுக்கு நடுவே காற்று புகுந்து ஒன்றரை மடங்காகிவிடும். ஆக 1.5 கன மீட்டர், எடை 2 டன்னை ஒட்டி. 4 கஜத் தொட்டியில் பாதி போய்விட்டது. மண்ணும் இப்படித்தான் உப்பும், ஆனால் செங்கல் அளவுக்கு இல்லை, கால் பங்கு கூடும். 10 சதுர மீட்டர் தோட்டத்தை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் குழி 3 கன மீட்டர். வெளியே வரும் மண் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. அதன் எடை 5 டன்! மண்வெட்டியைக் கையில் எடுக்கும் முன் இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை.

குளியலறை டைல்ஸ் பெயர்ப்பவர்கள் டைல்ஸின் கனத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். அதன் அடியில் இருக்கும் காரைப் படுகை டைல்ஸைவிட மூன்று நான்கு மடங்கு கனமாக இருக்கலாம். ஒரு ஓரத்தில் ஒரே ஒரு டைலைப் பெயர்த்து, அடியில் எவ்வளவு இருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு போன் செய்யுங்கள்.

அடுத்தது இடம். லாரி சுமார் 2.5 மீட்டர் அகலம். கேட் வழியாக உள்ளே வர வேண்டுமானால் 3 மீட்டராவது வேண்டும். அகலத்தை அளக்கிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. கைகள் தொட்டியைத் தூக்கும்போது லாரியைவிட உயரமாகப் போகும். மின்கம்பி, கேபிள், மரக்கிளை, மாடி நீட்டல் எதுவும் அந்த இடத்துக்கு மேலே இருக்கக்கூடாது. மின்கம்பிக்குக் கீழே நான் இறக்கவே மாட்டேன். என் முதலாளி சொன்னாலும் மாட்டேன்.

கீழேயும் பாருங்கள். மேன்ஹோல் மூடி, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, ஆழமில்லாமல் போகும் குழாய் ஆகியவற்றின் மேல் வைக்கக்கூடாது. காலித் தொட்டியைத் தாங்கும் தரை, 8 டன்னோடு தாங்கும் என்று சொல்ல முடியாது. தூக்கும் நேரத்தில் லாரியின் பாரமும் அந்த இரண்டு கால்கள் வழியாக அங்கேதான் இறங்கும். பேவர் கல் பதித்த தரை என்றால் கனமான பலகையோ தடித்த பிளைவுட்டோ நான் வருவதற்கு முன்பே வாங்கி வைத்திருங்கள். தொட்டிக்கு அடியில் மட்டும் போதாது, லாரியின் கால் ஊன்றும் இடத்துக்கும் இரண்டு துண்டு வேண்டும். வந்த பிறகு பலகை தேடினால் எனக்கு நேரம் போகும், உங்களுக்குக் காத்திருப்புக் கட்டணம் ஏறும்.

சுவரை ஒட்டி வைக்கச் சொல்லாதீர்கள். காதுகள் பக்கவாட்டில் இருக்கின்றன என்றேனே, சங்கிலி மாட்ட நான் அங்கே நுழைய வேண்டும். ஒரு ஆள் நடக்கும் அளவு இடைவெளி இரண்டு பக்கமும் விடுங்கள். சில தொட்டிகளில் ஒரு பக்கம் கதவு இறங்கும். தள்ளுவண்டியில் கல் கொண்டு வருபவர்கள் அப்படிப்பட்டதைக் கேட்டு வாங்குவது நல்லது. அந்தக் கதவு வீட்டைப் பார்த்து இருக்க வேண்டும் என்று இறக்கும்போதே சொல்லிவிடுங்கள். இறக்கியபின் தொட்டியைத் திருப்பலாம் என்று ஜாக்கி, கடப்பாரை எல்லாம் எடுத்து வராதீர்கள்.

வீட்டு எல்லைக்குள் இடமில்லை, ரோட்டில்தான் வைக்க வேண்டும் என்றால் பெரும்பாலான ஊர்களில் உள்ளாட்சி அனுமதி வேண்டியிருக்கும். சில இடங்களில் வாடகைக்குக் கொடுப்பவரே வாங்கித் தருவார், சில இடங்களில் நீங்கள்தான் அலைய வேண்டும். அது யார் வேலை என்று முன்கூட்டியே கேளுங்கள், அனுமதி வர நாள் பிடிக்கும். ராத்திரியில் தெரிகிற மாதிரி விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் அவசியம்.

எதைப் போடக்கூடாது என்பதில் ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும். ஆனாலும் சில பொருட்களை எங்கேயும் எடுக்கமாட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் முதலாவது. பழைய நெளிவு ஷீட், பழைய குழாய்ச் சுற்று, சில பழைய தரை ஓடுகள் இவற்றில் இருக்கலாம். சந்தேகம் வந்தால் உடைக்காதீர்கள், வெட்டாதீர்கள், அதற்கென்று உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். உடையும்போது பறக்கும் கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது. அப்புறம் கேஸ் சிலிண்டர், பாட்டரி, மிச்சமுள்ள பெயிண்ட், தின்னர், எண்ணெய், டயர், டியூப்லைட், ஃபிரிட்ஜ், ஏசி. ஃபிரிட்ஜில் குளிர்விக்கும் வாயு இருக்கிறது, டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. லித்தியம் பாட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். கையடக்க டிரில்லிலிருந்து கழற்றிப் போட்ட ஒரு சின்னப் பாட்டரி போதும், கழிவைப் பிரிக்கும் யார்டில் குவியலே எரியும்.

ஜிப்சம் போர்டு பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பார்க்கச் சாதுவாக வெள்ளையாக இருக்கும். ஆனால் ஈரமான மக்கும் குப்பையோடு கலந்து புதைந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும், அது விஷம். அதனால் பல இடங்களில் அதைத் தனியாகக் கொடுக்கச் சொல்வார்கள். ஃபால்ஸ் சீலிங்கை இறக்கப் போகிறீர்கள் என்றால் போனிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தைக்கும் தனிக் கட்டணம் கேட்கலாம். அதன் ஸ்பிரிங் கம்பி அரைக்கும் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும்.

பிரித்துப் போடுவதில் உங்களுக்கு லாபமும் உண்டு. வெறும் கல்லும் காரையும் மட்டும் உள்ள தொட்டிக்குப் பல இடங்களில் கட்டணம் குறைவு, ஏனென்றால் அதை நொறுக்கித் திரும்பவும் ரோட்டுக்கடியில் போடலாம். அதில் நாலு பிளாஸ்டிக் பையும் ஒரு கார்பெட்டும் விழுந்தால் ‘கலப்புக் கழிவு’ என்று ரேட் ஏறிவிடும். தாமிரக் கம்பி, பித்தளைக் குழாய் இவற்றைத் தொட்டியில் போடாதீர்கள். பழைய இரும்புக்காரர் காசு கொடுத்து எடுப்பார்.

இனி அடுக்குவது. கதவு, பலகை போன்ற தட்டையானவற்றை அடியில் படுக்க வையுங்கள். அலமாரியை அப்படியே தூக்கிப் போட்டால் காற்றைத்தான் காசு கொடுத்து அனுப்புகிறீர்கள். ஸ்குரூவைக் கழற்றிப் பலகையாக்குங்கள். கழற்ற முடியாத குளியல் தொட்டி, சிங்க் இவற்றின் வாய் மேலே பார்க்கட்டும், உள்ளே கல்லைக் கொட்டி நிரப்புங்கள். கிளைகளை முழ நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள். பாரம் ஒரே மூலையில் சேரக்கூடாது. வாசல் பக்கம் நின்று வீசுகிறவர்கள் கைக்கு எட்டும் பக்கத்திலேயே குவிப்பார்கள். நான் தூக்கும்போது தொட்டி அந்தப் பக்கம் சாயும். தூர முனையிலிருந்து ஆரம்பித்து உங்கள் பக்கம் வாருங்கள்.

விளிம்புக்கு மேல் ஒரு கட்டிகூட நிற்கக்கூடாது. ஓரத்தில் கதவுகளை நட்டு உயரம் கூட்டி, மேலும் ஒரு அடுக்குப் போடுவதைச் சில மேஸ்திரிகள் ஏதோ கெட்டிக்காரத்தனம் போலச் செய்வார்கள். வளைவில் திரும்பும்போது அதிலிருந்து ஒரு செங்கல் பின்னால் பைக்கில் வருபவர் மேல் விழுந்தால் கேஸ் என் மேல்தான். அப்படிப்பட்ட தொட்டியை இறக்கி மட்டமாக்கச் சொல்வேன், இல்லாவிட்டால் லாரி காலியாகத் திரும்பும், அதற்கும் பில் வரும்.

ராத்திரியில் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மழையில் நனைந்த கார்பெட்டும் மரமும் எடை கூடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, திறந்த தொட்டியைப் பார்த்தால் தெருவில் யாருக்கும் கை அரிக்கும். காலையில் எழுந்து பார்த்தால் நீங்கள் போடாத ஒரு டிவி உள்ளே உட்கார்ந்திருக்கும். அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வேலை ரொம்பச் சின்னது, அல்லது தொட்டி வைக்க இடமே இல்லை என்றால் வேறு வழியும் உண்டு. சில நிறுவனங்கள் லாரியை வாசலிலேயே நிறுத்தி, நீங்கள் ஏற்றும்வரை காத்திருந்து உடனே எடுத்துப் போகும். எல்லாம் மூட்டை கட்டித் தயாராக இருந்தால், ஆளும் இருந்தால், இது நல்லது. கழிவைப் போடும் பெரிய நெய்த பைகளும் கிடைக்கின்றன. அவற்றிலும் எடை வரம்பு உண்டு, தூக்க வரும் லாரியின் கொக்கி எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும்.

போனில் பேசும்போது இவற்றைக் கேளுங்கள்: வாடகை எத்தனை நாளுக்கு, நாள் கூடினால் எவ்வளவு, எடை வரம்பு எத்தனை டன், அதற்கு மேல் டன்னுக்கு எவ்வளவு, வரி சேர்த்தா சேர்க்காமலா. கழிவு எங்கே போகிறது, அதற்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிலுக்கு மழுப்பினால் அவரை விட்டுவிடுங்கள். மலிவாகக் கேட்டு எடுத்துப் போய் ஏதாவது ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். குப்பையில் உங்கள் முகவரியோடு ஒரு கவர் கிடந்தால் அதிகாரிகள் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தூக்கும் நாளன்று காரைத் தள்ளி நிறுத்துங்கள், குழந்தைகளை உள்ளே இருக்கச் சொல்லுங்கள். நான் வருவதற்குள் ‘இன்னும் இரண்டு சட்டிதான்’ என்று யாராவது ஓடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டி போன பிறகு அந்த இடத்தை நன்றாகக் கூட்டி, ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையெல்லாம் இழுங்கள். பழைய பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி அங்கேதான் கிடக்கும். காரைத் திரும்ப நிறுத்துவது அதற்கப்புறம்.