ரோமில் ஒரு நாள்: கணவரின் அட்டவணையும் என் துண்டுச் சீட்டும்

முதல் தடவை ரோமுக்குப் போனபோது திட்டம் போட்டவர் என் கணவர். முப்பது வருடம் ரயில்வேயில் கால அட்டவணைகளோடு குடித்தனம் நடத்தியவர். ஒரு முழுத்தாளில் பதின்மூன்று இடங்கள். ஒவ்வொன்றுக்கும் வந்துசேரும் நேரம், புறப்படும் நேரம். ‘டிரெவி நீரூற்று 10.10 – 10.25’ என்று எழுதியிருந்தார். அதில் காசு போட மூன்று நிமிடம் தனியாக ஒதுக்கியிருந்தார்.

மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் மூன்றாவது இடத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். மாலையில் என் நாத்தனார், “அண்ணா, நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், என்னால் இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாது” என்று ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நிமிடமே ஒரு போலீஸ்காரர் விசில் ஊதி எழுப்பினார். அந்தப் படிகளில் உட்காருவதற்கு 2019 முதல் தடை, அபராதமும் உண்டு. அட்டவணையில் அது இல்லை.

இரண்டு வருடம் கழித்து, விமானம் மாறும் வழியில் எங்கள் இருவருக்கும் ரோமில் மறுபடி ஒரு முழு நாள் கிடைத்தது. இந்தத் தடவை பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். அந்த நாளை எப்படிப் பிரித்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரே ஒரு நாள்தான் என்றால் உதவும்.

முதலில் வரைபடத்தைத் திறந்து டைபர் நதியைப் பாருங்கள். அதற்குக் கிழக்கே பழைய ரோமானியரின் அரங்கமான கொலோசியம், அவர்களின் பொதுச் சதுக்கமான ஃபோரம், பழங்காலக் கோயிலான பாந்தியன், டிரெவி. மேற்கே வாட்டிகன். இரண்டில் ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். என் கணவரின் பதின்மூன்றும் சரிந்தது இந்த இடத்தில்தான். வாட்டிகன் அருங்காட்சியகங்கள் மட்டுமே அரை நாளைத் தின்றுவிடும். மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அண்ணாந்து தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயக் கூரையைப் பார்க்கத்தான் போகிறோம். அதுவோ நீண்ட கூடங்களை எல்லாம் கடந்த பிறகு கடைசியில் இருக்கிறது. கொலோசியத்தையும் இதையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டின் வரிசையையும் பார்த்தவர்கள் ஆவோம், அவ்வளவுதான்.

“ரோமுக்குப் போய் வாட்டிகனைப் பார்க்காமல் வந்தாயா?” என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். நான் கிழக்குக் கரையை எடுத்தேன்.

மேற்குக் கரைதான் வேண்டும் என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொற்கள். அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்திருக்கும், இலவசம் என்பதால் கூட்டம் நெரியும். புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் சதுக்கம் முழுக்க நாற்காலிகளாக இருக்கும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். செயின்ட் பீட்டர் பேராலயத்தின் குவிமாட உச்சிக்கு 551 படிகள். லிஃப்டில் போனாலும் அதற்குப் பிறகு 320 படிகள் பாக்கி இருக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் கீழேயே நின்று சிற்பி பெர்னினியின் தூண் வரிசையை ரசிப்பது நல்லது.

கரையை முடிவு செய்தாயிற்றா? இனி ஆணி. ஒரு நாளுக்கு ஒரே ஓர் ஆணிதான் அடிக்க வேண்டும், மற்றதை எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளலாம். நேரம் குறித்து வாங்கும் டிக்கெட்டைத்தான் ஆணி என்கிறேன். இரண்டு ஆணி அடித்தால் நடுவில் உள்ள பொழுது முழுவதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே போகும். கிழக்குக் கரையில் அந்த ஆணி கொலோசியம். காலையில் முதல் நேரத்தை வாங்குங்கள். அந்த டிக்கெட்டிலேயே ரோமன் ஃபோரமும் பாலடைன் குன்றும் அடக்கம். நேரம் குறிப்பது கொலோசியத்துக்கு மட்டும். அதிகாரபூர்வத் தளத்திலேயே வாங்குங்கள். அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்கும் தளங்கள் ஏராளம். முதல் தடவை அப்படி ஒன்றில் மாட்டினோம்.

டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவார்கள். இங்கேதான் நம்மைப் போன்ற இனிஷியல்காரர்களுக்குத் தலைவலி. பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர்ப் பகுதி காலி. படிவமோ அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடவில்லை. என் பெயரையே இரண்டு தடவை போட்டேன். வாசலில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு உள்ளே விட்டார். எல்லோரும் சிரிப்பார்கள் என்று உத்தரவாதம் தர முடியாது. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளை ஒன்று விடாமல் அப்படியே போடுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், சுருக்கிய பெயர் எதுவும் வேண்டாம்.

கிளம்பும் முன் காலைப் பாருங்கள். ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் கருங்கல் பாளங்கள் பார்க்க அழகு, நடக்கப் பகை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் குதிகால் சிக்கும். பழகிய ஷூ போதும், புதிதாக வாங்கிய ஷூ ஆகாது. பெரிய பைகளைக் கொலோசியத்துக்குள் அனுமதிப்பதில்லை, ஆகவே தோளில் சிறியதாக ஒன்று.

ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து மெட்ரோவின் பி தடத்தில் இரண்டாவது நிறுத்தம் கொலோசியோ. நிலையத்தை விட்டு வெளியே வந்த மாத்திரத்தில் எதிரே கட்டடம் நிற்கும். பேரரசன் வெஸ்பாசியன் தொடங்கி, மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்தது. உள்ளே ஒரு மணி நேரம் போதும். மேல் தளம் ஒரு சுற்று; பிறகு அரங்கத் தரை போனதால் வெளியே தெரியும் அடித்தளச் சுவர்களை எட்டிப் பார்த்தால் முக்கால்வாசி முடிந்தது.

மிச்சம் பிடித்த நேரத்தை ஃபோரத்துக்குக் கொடுங்கள். பதினொன்றரைக்குள் முடித்துவிடுங்கள், ஏனென்றால் கோடையில் அங்கே ஒதுங்க நிழல் கிடையாது. டைட்டஸ் வளைவைத் தாண்டிப் புனித வீதியில் இறங்கும்போது வலப்பக்கம் மூன்று பிரம்மாண்டமான கமான்கள் தெரியும். மாக்ஸென்டியஸ் மண்டபத்தில் எஞ்சியவை அவை. அவற்றின் படத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். நான் நின்றது அதன் அடியில் இருந்ததற்காக. மண்டபம் வருவதற்கு முன் அந்த இடத்தில் டொமிஷியன் என்ற பேரரசன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. கிடங்கின் பெயரே மிளகை வைத்துத்தான். மிளகு எங்கிருந்து போயிற்று என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் என்று அகநானூறு பாடியிருக்கிறது. கறி என்றால் அங்கே மிளகு. திரும்பிய கலங்களின் சரக்கு கடைசியில் கொட்டப்பட்ட இடம் காலடியில் இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். ரயில்வேக்காரர் அல்லவா, “அப்படியானால் இது சரக்குக் கொட்டகை” என்று பத்து நிமிடம் அங்கேயே சுற்றி வந்தார். அவருடைய பழைய அட்டவணையில் ஃபோரம் முழுவதற்குமே இருபது நிமிடம்தான்.

தண்ணீர் பாட்டிலை விலைக்கு வாங்காதீர்கள். நகரம் முழுக்க இரும்பில் வார்த்த குடிநீர்க் குழாய்கள், சுமார் 2,500, இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த மூக்கு போன்ற குழாய் என்பதால் ‘பெரிய மூக்கு’ என்று பெயர். குழாயின் வாயை விரலால் அடைத்துப் பாருங்கள்: வளைவின் மேல் பக்கம் உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் நூல் போல மேலே எழும்பும். அதில் வாய் வைத்துக் குடிக்கலாம். எனக்கு இது கைவர இரண்டு தடவையும் கொஞ்சம் முகம் கழுவலும் ஆயிற்று.

ஃபோரத்திலிருந்து காபிடோலின் குன்றுப் பக்கமாக வெளியேறுங்கள். வெளியே போனால் அதே டிக்கெட்டில் திரும்ப விடமாட்டார்கள், பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டே வெளியே வாருங்கள். மேலே மைக்கலாஞ்சலோ வடிவமைத்த சதுக்கம். நடுவில் குதிரை மேல் இருக்கும் பேரரசன் மார்கஸ் அரேலியஸின் சிலை நகல்தான், அசல் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. சதுக்கத்தின் பின்பக்கம் போய் நின்றால், காலையில் நடந்த ஃபோரம் முழுவதும் தட்டில் வைத்ததுபோல் கீழே விரியும். இதற்கு டிக்கெட் இல்லை.

அங்கிருந்து பாந்தியன் வரை நடைதான், கிலோமீட்டர் கணக்கில் ஒன்றைத் தாண்டாது. ஆனால் உடனே எதற்குள்ளும் நுழையப் பார்க்காதீர்கள். நகர நடுவில் உள்ள பல தேவாலயங்கள் மதியம் 12.30 வாக்கில் சாத்திவிட்டு மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். முதல் பயணத்தில் அப்படி ஒரு கதவின் முன் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றோம். சாப்பிடவும் உட்காரவும் அதுதான் நேரம். காப்பியை மட்டும் கடையின் கவுண்டரில் நின்றபடி குடித்துவிடுங்கள். மேஜையில் உட்கார்ந்து கேட்டால் அதே காப்பிக்கு விலை வேறு.

பாந்தியனுக்குச் சாப்பாட்டுக்குப் பின் போனோம். நெற்றியில் மார்கஸ் அக்ரிப்பா கட்டினான் என்று பொறித்திருக்கிறது. நிற்கும் கட்டடமோ ஹேட்ரியன் காலத்தில், 126 வாக்கில் முடிந்தது. பழையவரின் பெயரை அப்படியே விட்டுவைத்த பேரரசனை நினைத்தால் மரியாதை வருகிறது. உள்ளே போனதும் எல்லோரும் கைப்பேசியை உயர்த்துவார்கள். நீங்கள் முதலில் தரையைப் பாருங்கள். நடு மேடாக, ஓரம் சற்றே தாழ்வாக இருக்கும். கல்லில் சிறு சிறு துளைகள், மொத்தம் 22. கூரை நடுவில் உள்ள வட்டத் திறப்புக்குக் கதவோ கண்ணாடியோ கிடையாது. அதனால் மழை உள்ளேயே பெய்யும், பெய்த தண்ணீர் இந்தத் துளைகளில் இறங்கும். இதைப் பார்த்த பிறகு அண்ணாந்தால் கூரை வேறு மாதிரி தெரியும். குவிமாடத்தின் குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து திறப்பு வரை உயரமும் அதே. உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்தால் பொருந்திவிடும். கம்பி கட்டாத கான்கிரீட்டில் இதைவிடப் பெரிய குவிமாடம் உலகில் இன்றுவரை இல்லை. அன்று மழை வராதது எனக்குக் குறைதான். உங்கள் நாளில் மழை பிடித்தால் திட்டம் கெட்டது என்று நினைக்காமல் நேரே இங்கே வந்துவிடுங்கள். 2023 ஜூலை முதல் நுழைவுக் கட்டணம் உண்டு.

பின்மதியத்துக்கு நேரம் குறிக்க வேண்டாம், எதற்குப் பின் எது என்ற வரிசை மட்டும் போதும். பிரெஞ்சுக்காரர்களின் சான் லூயிஜி தேவாலயம்: புனித மத்தேயுவைப் பற்றி ஓவியர் காரவாஜ்ஜோ தீட்டிய மூன்று ஓவியங்கள், கட்டணம் இல்லை. அடுத்த சில நிமிட நடையில் நவோனா சதுக்கம். அது நீள்வட்டமாக இருப்பதற்குக் காரணம், காலையில் மிளகுக் கிடங்கில் சந்தித்த அதே டொமிஷியனின் ஓட்டப் பந்தய மைதானம். நடுவில் 1651இல் பெர்னினி முடித்த நான்கு நதிகளின் நீரூற்று. நதிக்கு ஒரு மனித உருவச் சிலை. நைல் நதி முகத்தை மூடியிருக்கும், அதன் ஊற்றுக்கண் அப்போது யாருக்கும் தெரியாது. கையில் நீண்ட துடுப்போடு தாடிக்காரர் ஒருவர் இருப்பார். அவர்தான் கங்கை. நாம் தாயென்று கும்பிடுகிற நதி அங்கே தாத்தாவாக உட்கார்ந்திருக்கிறது! என் கணவர் வெகுநேரம் சமாதானம் ஆகவில்லை.

தெம்பு மிச்சம் இருந்தால் திரும்பும் வழியில் சான்ட் இக்னாசியோ தேவாலயம். அங்கே குவிமாடம் என்று நினைத்து அண்ணாந்து பார்ப்பது தட்டையான துணியில் ஆண்ட்ரியா போஸோ தீட்டிய ஓவியம். தரையில் குறித்த இடத்தில் நின்று பார்த்துவிட்டு, பீடத்தை நோக்கி நடந்தபடியே மறுபடி அண்ணாந்தால் குவிமாடம் கோணிக்கொள்ளும்.

பிறகு விடுதிக்குப் போய்விட்டோம். ஆம், ஆறு மணிக்கு. இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுத்தோம். ஒரு நாள்தானே இருக்கிறது, அதில் படுக்கையா என்று கேட்காதீர்கள். அந்த இரண்டு மணி நேரம் இல்லாவிட்டால் இரவு இல்லை.

டிரெவியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். பகலில் அங்கே தண்ணீரைவிடத் தலைகள் அதிகம். இரவு ஏற ஏறக் குறையும். சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்தோம். கடைசிச் சந்தில் திரும்பும் முன்பே இரைச்சல் கேட்டது. கி.மு. 19இல் கொண்டுவந்த கால்வாயின் தண்ணீர், 1762இல் முடித்த கல்லின் மேல் விழுந்துகொண்டிருந்தது. என் கணவர் முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேலாக ஒரு காசை எறிந்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பத்து பன்னிரண்டு. இரண்டு நிமிடம் தாமதம்” என்றார்.